மகன் சொன்னதைக் கேட்ட பிறகு வேதத்தை எப்படி வாசிப்பது?

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். கோவையில் வேலை பார்க்கும் அவருடைய 24 வயது மகன் போன மாதம் ஊருக்கு வந்தபோது, தனக்குப் பெண்கள்மீது ஈர்ப்பு வந்ததே இல்லை, ஆண்கள்மீதுதான் வருகிறது என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் முடிந்த கையோடு ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அத்தை. ஜெபக்கூட்டம் நடத்தும் போதகர் ஒருவர், இது அசுத்த ஆவியின் கட்டு, 21 நாள் உபவாச ஜெபத்துக்கு அழைத்து வாருங்கள் என்கிறார். "வேதம் இதைப் பாவம் என்கிறதா? அப்படியானால் நான் ஆண்டவரை விடுவதா, மகனை விடுவதா? எங்கள் ஆயரிடம் இதைச் சொல்லலாமா?" என்பவை அவர் கேள்விகள்.

சகோதரி, ஆண்டவரையும் விட வேண்டாம், மகனையும் விட வேண்டாம். அப்படி ஒரு தெரிவை உங்கள் முன்னால் வைப்பவர் யாராக இருந்தாலும், அவர் வைப்பது அவருடைய தெரிவு, ஆண்டவருடையது அல்ல. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மற்றதைப் பொறுமையாக வாசியுங்கள்.

நான் ஈரோட்டில் பள்ளித் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தபால் வழியில் இறையியல் படித்தேன், அதற்காகக் கொஞ்சம் கிரேக்கமும் கற்றேன். முப்பது ஆண்டுகளாகச் சபையில் வாலிபருக்கு வேதபாடம் நடத்தி வருகிறேன். நீங்கள் கேட்டிருப்பதைப் பற்றி நான் வாசிக்கத் தொடங்கியது என் வகுப்பில் இருந்த ஒரு பையனால்தான். வசனங்களுக்கு வருவதற்கு முன் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டில் இப்போது அவசரமாக முடிவு செய்ய வேண்டியது அந்த 21 நாளைப் பற்றித்தான்.

அவன் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது. அவனுடைய கைபேசியில் எதையோ பார்த்துவிட்ட பெற்றோர், பெருந்துறைப் பக்கம் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்த விடுதலை ஜெபத்துக்கு அவனை அழைத்துப் போனார்கள். ஆசிரியர் கூட இருந்தால் பையன் அடங்கி இருப்பான் என்று என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் அவனை முழங்காலில் நிறுத்தினார்கள். நான்கு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். நெற்றியில் எண்ணெய் ஊற்றினார்கள், அது கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையை விடவில்லை. "வெளியே வா" என்று அவன் முகத்துக்கு நேராகக் கத்தினார்கள். தாளமும் கீபோர்டும் காதைப் பிளந்தன. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு அவன், "போய்விட்டது" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் அம்மா அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னார்.

என் ஸ்கூட்டரில் அவனை அழைத்து வந்தேன். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டம்ளரை அவனால் பிடிக்க முடியவில்லை, டீ விரல்களில் சிந்திக்கொண்டே இருந்தது. என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ஐயா, எதுவும் போகவில்லை. அவர்கள் நிறுத்த வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். எட்டாம் வகுப்பிலிருந்து இதை எடுத்துவிடுங்கள் என்று தினமும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்." இன்று அவன் வேறு ஊரில் இருக்கிறான். பாடுவதை விட்டுவிட்டான். அந்த மண்டபத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அதை ஆண்டவரிடம் எத்தனையோ முறை அறிக்கையிட்டிருக்கிறேன், இன்னும் மனம் ஆறவில்லை.

ஆகவே உங்கள் மகனை அங்கே அனுப்பாதீர்கள். இது நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கிவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது நோயல்ல என்று வெளிப்படையாகச் சொன்னது. ஒருவருடைய ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை செய்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆனால் இவை மருத்துவர்களைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள். வாடகை மண்டபத்து ஜெபக்கூட்டத்தைக் கேட்க எந்த ஆணையமும் இல்லை. அங்கே வாசலில் நின்று மறிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஜெபத்தால் மாறாதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1976 முதல் இதே வேலையைச் செய்துவந்தது. ஜெபம், ஆலோசனை, முகாம் எல்லாம் நடத்தியது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தாம் சந்தித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே ஈர்ப்பு மாறவில்லை என்று 2012இல் ஒப்புக்கொண்டார். 2013 ஜூனில் காயப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார். விசுவாசம் குறைந்தவர்கள் அல்ல அவர்கள். முப்பத்தேழு ஆண்டுகள் முழங்காலில் நின்று பார்த்தவர்கள்.

அத்தை சொல்லும் யோசனை இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதில் இன்னொரு வீட்டுப் பெண்ணும் சிக்குகிறாள். நம் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் கேட்பார். அந்த மூன்று ஞாயிறும் நீங்கள் எந்த வரிசையில், என்ன முகத்தோடு உட்கார்ந்திருப்பீர்கள்? சேலத்திலோ கரூரிலோ தன் மகளுக்கு நகை சேர்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம் இதை மறைத்து, "பையன் தங்கம்" என்று சொல்ல உங்களால் முடியுமா? அப்படிக் கட்டிவைக்கப்பட்ட பெண்களில் இருவரை நான் அறிவேன். தன்னிடம் என்ன குறை என்று கேட்டுக் கேட்டே ஒருத்தி உருக்குலைந்து போனாள்.

இனி வசனங்களுக்கு வருகிறேன். வேதம் முழுவதிலும் இந்தப் பேச்சில் எடுத்துக்காட்டப்படும் இடங்கள் ஆறேழுதான். இயேசு இதைப் பற்றிப் பேசியதாகச் சுவிசேஷங்களில் ஒரு வரிகூட இல்லை. அதனால் விஷயம் முடிந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணத்தைப் பற்றி அவர் பேசியது எத்தனை, பரிசேயரின் மாய்மாலத்தைப் பற்றிப் பேசியது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நம் பிரசங்கங்கள் எதை அழுத்துகின்றன, அவர் எதை அழுத்தினார் என்று ஒப்பிட வேண்டியிருக்கிறது.

அந்தப் போதகர் கட்டாயம் எடுத்துக்காட்டப்போவது அப்போஸ்தலர் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 6:9. வீட்டில் இருக்கும் பழைய திருப்புதலை, அதாவது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு வேதத்தை, எடுத்து விரியுங்கள். தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்கள் என்ற பட்டியலில் "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்" என்று அடுத்தடுத்து இருக்கும். இதில் முதல் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் உள்ளது மலக்கோய். அதன் நேர்ப்பொருள் மெல்லியவர், மென்மையானவர் என்பதே. இதே சொல்லை மத்தேயு 11:8இலும் பார்க்கலாம். யோவான் ஸ்நானனைப் பற்றி, மெல்லிய வஸ்திரம் தரித்த மனுஷனையோ பார்க்கப் போனீர்கள் என்று இயேசு கேட்கிறாரே, அந்த "மெல்லிய" இதே சொல்தான். அங்கே துணிக்கு மெல்லிய என்று மொழிபெயர்த்தவர்கள், இங்கே ஆளுக்கு வந்தபோது சுயபுணர்ச்சி என்று எழுதினார்கள். மார்ட்டின் லூத்தர் ஜெர்மன் மொழியில் மென்மையானவர் என்ற பொருளிலேயே விட்டுவிட்டார். 1946இல் வந்த ஓர் ஆங்கிலத் திருப்புதல் இரண்டு சொற்களையும் ஒன்றாகச் சேர்த்து "தன்பாலீர்ப்பாளர்" என்ற பொருளில் ஒரே சொல்லாக்கியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே திருப்புதல் அந்தச் சொல்லை மாற்றிக்கொண்டது. பவுல் எழுதியது மாறவில்லை. ஒவ்வொரு காலத்து மொழிபெயர்ப்பாளரும் தம் காலம் எதை அருவருத்ததோ அதை அந்த இடத்தில் எழுதிவிட்டார்கள்.

இரண்டாவது சொல் கடினமானது. பவுலுக்கு முன் அதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஆண், படுக்கை என்ற இரு சொற்கள் சேர்ந்தது அது. கிரேக்க லேவியராகமம் 20:13இல் அவ்விரு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அங்கிருந்துதான் பவுல் எடுத்திருக்க வேண்டும் என்று பாரம்பரியக் கருத்துடைய அறிஞர்கள் சொல்கிறார்கள். அது வலுவான வாதம், மறுக்க மாட்டேன். ஆனால் பவுல் கண்ட கொரிந்து பட்டணத்தில் அது எப்படி நடந்தது? எஜமான் தன் அடிமைப் பையனை இச்சைக்குப் பயன்படுத்துவான், காசு கொடுத்துச் சிறுவர்களை வாங்குவான். லூத்தர் இந்தச் சொல்லைச் சிறுவர்களைக் கெடுப்பவர் என்றே மொழிபெயர்த்தார். இரண்டு பெரியவர்கள் மனமொத்து, உண்மையாக, ஆயுள் முழுவதும் சேர்ந்து வாழ்வதைப் பவுல் மனதில் வைத்து இதை எழுதினார் என்று நான் நம்பவில்லை. எதுவானாலும் விலக்கப்பட்டதே என்று நம்புகிற நல்ல விசுவாசிகளும் இருக்கிறார்கள்.

அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அதே பட்டியலை முழுவதும் வாசியுங்கள். பொருளாசைக்காரர் இருக்கிறார். வெறியர், அதாவது குடிகாரர், இருக்கிறார். உதாசினர் என்று ஒருவரும் இருக்கிறார். பிறரை வாயால் இழிவுபடுத்துகிறவருக்குத்தான் அந்தப் பெயர். மீட்டர் வட்டிக்கு விடும் ஒருவரைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்திய சபை நம் வட்டாரத்தில் எங்கேயாவது உண்டா? ஒரு பையனின் நடையைப் பார்த்துச் சிரித்து, அவனுக்குப் பட்டப்பெயர் வைத்து, திருவிருந்துக்கு அவன் எழுந்து போகும்போது முழங்கையால் பக்கத்து ஆளை இடிப்பவர்கள் இருக்கிறார்களே, பவுலின் பட்டியலில் அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. மகனுக்கு எதிராக வசனம் காட்டுபவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்.

வெறுப்பு முதலில் வந்துவிடுகிறது, வசனத்தைப் பிறகு தேடுகிறோம் என்பதை நான் கற்றுக்கொண்டது கிரேக்கத்தில் அல்ல, தமிழில். நம் பழைய திருப்புதலில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மிருகங்களும் பறவைகளும் "ஜாதிஜாதியாக" உண்டாயின என்று இருக்கும். அங்கே ஜாதி என்றால் வகை, இனம், வேறொன்றும் இல்லை. என் இளவயதில் ஒரு சபையில் இரண்டு வேறு சாதிப் பிள்ளைகள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். இருவரும் ஒரே ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள், ஒரே நாளில் திடப்படுத்தல் பெற்றவர்கள். சபைக் குழுவில் ஒரு மூப்பர் எழுந்து நின்று, "தேவனே ஜாதிஜாதியாகத்தான் படைத்தார் என்று வேதத்தில் இருக்கிறது" என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வேதப்புத்தகத்தை விரித்து, விரலை வைத்து வாசித்தே காட்டினார். மாட்டுக்கும் மீனுக்கும் எழுதியதை மனிதர்களுக்கு எடுத்துப் போட்டார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

கொங்கு நாட்டுக் கிறிஸ்தவர்களாகிய நமக்கு இது சுட வேண்டும். 1830இல் லண்டன் மிஷனரி சங்கத்தார் கோவைக்கு வந்து ஊழியம் தொடங்கினார்கள். அதன் பிறகு நம் வட்டாரத்தில் சபையில் சேர்ந்தவர்களில் பெரும் பகுதியினர் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். என் அப்புச்சிக்கு டீக்கடையில் கொட்டாங்குச்சியில்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். குடித்துவிட்டு அவரே கழுவிக் கூரையில் செருகிவைக்க வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற பிறகு முதன்முதலாகத் திருவிருந்தில் எல்லோரும் குடித்த அதே பாத்திரத்தில் தன் வாயையும் வைத்துக் குடித்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கிழவரின் பேரன்கள் இன்று ஒரு பிள்ளையை அதே பாத்திரத்தின் அருகே வர விடாமல் தடுத்தால் அவருக்கு என்ன பதில் சொல்வார்கள்?

கர்த்தர் அழித்த சோதோம் பட்டணத்தின் கதையையும் உங்களிடம் சொல்வார்கள். ஆதியாகமம் 19இல் நடப்பது அந்நியராய் வந்த விருந்தினர்மீது ஒரு ஊரே சேர்ந்து வன்முறைக்குக் கிளம்புவது. உங்கள் மகன் சொன்னதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? சோதோமின் அக்கிரமம் என்ன என்று எசேக்கியேல் 16:49 நேராகவே சொல்கிறது: கர்வம், வயிறு நிறைந்த வாழ்வு, கவலையற்ற சுகம், "சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை." நான் கேட்ட சோதோம் பிரசங்கங்கள் ஏராளம், இந்த வசனத்தை வாசித்தது ஒன்றிரண்டுதான்.

லேவியராகமத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தக் கூடாது என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அந்த விதியைத் திருப்பூர்க்காரர் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சடங்குக் கட்டளை வேறு, ஒழுக்கக் கட்டளை வேறு என்று சபை ஆதிகாலம் முதல் பிரித்தே வந்திருக்கிறது. ஆகவே இந்தத் துணி வாதத்தை மட்டும் நம்பி யாரோடும் வழக்காடப் போகாதீர்கள், தோற்றுவிடுவீர்கள்.

ரோமர் முதல் அதிகாரம்தான் எனக்கு மிகவும் சிரமம் கொடுத்த பகுதி. அங்கே பவுல் ஆண்களோடு ஆண்களும் பெண்களோடு பெண்களும் கொள்ளும் இச்சையைக் கடுமையாகவே பேசுகிறார். விக்கிரகத்தைத் தேடிப் போனவர்களுக்கு நேர்ந்த சீர்கேடாக அதைச் சொல்கிறார். உங்கள் மகன் ஆண்டவரை விட்டு விக்கிரகத்தைத் தேடிப் போனவன் அல்ல, சிறுவயதிலிருந்து ஆலயத்தில் வளர்ந்தவன். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பவுல் எழுதியபோது அதிகாரப் பிரிவுகள் கிடையாது, அவை 13ஆம் நூற்றாண்டில் போடப்பட்டவை. முதல் அதிகாரத்தைக் கேட்டுக்கொண்டே, ஆமாம் அவர்கள் அப்படித்தான் என்று தலையாட்டிய ரோமாபுரிச் சபையாரைப் பார்த்து அடுத்த மூச்சிலேயே பவுல் திரும்புகிறார்: "மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை." அந்தப் பட்டியல் முழுவதும் போய்ச் சேருகிற இடம் இதுதான். முதல் அதிகாரத்தோடு வேதத்தை மூடிவைப்பவர்கள் பவுலைப் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

என்னைத் தேற்றிய பகுதி வேறொன்று. உபாகமம் 23:1 அண்ணகர்களைக் கர்த்தருடைய சபையில் சேர்க்கக் கூடாது என்கிறது. அண்ணகர் என்பது விதையடிக்கப்பட்டவர், பிள்ளை பெற முடியாதவர். பல நூற்றாண்டுகள் கழித்து ஏசாயா 56இல் கர்த்தர் பேசுகிறார்: "அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக." குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைவிட உத்தமமான நாமத்தை அவர்களுக்குக் கொடுப்பேன் என்கிறார். தாயின் வயிற்றிலிருந்தே அப்படிப் பிறந்தவர்களும் உண்டு என்று மத்தேயு 19இல் இயேசு சொல்கிறார், ஒரு கண்டனமும் இல்லாமல். பிறகு அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பியாவிலிருந்து ஒருவர் ரதத்தில் வருகிறார். நம் திருப்புதலில் அவரை "மந்திரி" என்றே எழுதியிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை, கிரேக்க மூலத்தில் அவர் அண்ணகர். மரியாதைக்காகவோ கூச்சத்துக்காகவோ தமிழில் அது மறைந்துபோயிற்று. அவர் வாசித்துக்கொண்டிருப்பதும் ஏசாயாவையே. வழியில் தண்ணீரைக் கண்டதும் பிலிப்புவிடம் கேட்கிறார், நான் ஞானஸ்நானம் பெறத் தடையென்ன என்று. உபாகமத்தின் அந்த வசனத்தைச் சொல்லிப் பிலிப்பு அவரைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

அண்ணகரும் உங்கள் மகனும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. வெளியே நிறுத்து என்று எழுதப்பட்ட ஒருவரை ஆண்டவர் எப்படி உள்ளே அழைத்தார் என்பது வேதத்துக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டுகிறேன்.

சபைகள் இன்று என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும், ஏனென்றால் "எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே கருத்து" என்று பொய்யாகச் சொல்வார்கள். கத்தோலிக்கத் திருச்சபை இத்தகைய உறவை ஒழுங்கு தவறியது என்றே கற்பிக்கிறது. அதைச் சொல்லும் மறைக்கல்வி ஏட்டின் 2358ஆம் பத்தியே, இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை மீண்டும் நிலைநிறுத்தியபோது, இவர்களைச் சபை ஒருநாளும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்று பம்பாய் கர்தினால் ஆஸ்வால்ட் கிராசியாஸ் பகிரங்கமாகச் சொன்னார். 2023இல் போப் பிரான்சிஸ், இது குற்றமல்ல என்று தெளிவாகவே சொன்னார். நம் தென்னிந்தியத் திருச்சபையும் அங்கம் வகிக்கும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் பேராயர்கள் 1998இல் லாம்பெத் மாநாட்டில் கூடி, தன்பால் உறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்திலேயே, இவர்களுடைய அனுபவத்துக்குச் செவிகொடுப்போம், இவர்கள்மீதான அர்த்தமற்ற அச்சத்தைக் கண்டிக்கிறோம் என்றும் இருக்கிறது. அதன் பிறகு இங்கிலாந்துத் திருச்சபை 2023 முதல் இத்தகைய இணைகளுக்காக ஆராதனையில் ஜெபிக்க அனுமதித்திருக்கிறது.

இந்தத் தீர்மானங்களின் முதல் பாதியை நம் பிரசங்க மேடைகளில் கேட்டிருக்கிறேன். மரியாதை, பரிவு, செவிகொடுத்தல் என்ற இரண்டாம் பாதியை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. என்னோடு கருத்து வேறுபடும் ஆயர்களோடு எனக்குப் பகையில்லை. தம் சபையின் போதனையை அவர்கள் முழுவதுமாகக் கைக்கொண்டாலே உங்கள் மகனைப் போன்றவர்களுக்குப் பாதிக் காயம் இல்லாமல் போகும்.

இது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று உங்கள் கணவர் சொல்லக் கூடும். மேல்நாட்டிலிருந்து வந்தது 377ஆம் பிரிவுதான். 1860இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தில் அது இருந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், மனமொத்த பெரியவர்களுக்கு அது பொருந்தாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதில் நீதிபதி இந்து மல்கோத்ரா எழுதியதை நான் மறக்கவில்லை. வரலாறு இவர்களிடமும் இவர்களுடைய குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கடன்பட்டிருக்கிறது என்று எழுதினார். குடும்பத்தாரிடமும் என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொன்னார். திருமண உரிமையை நீதிமன்றம் 2023இல் தர மறுத்துவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் உங்கள் மகன் குற்றவாளி அல்ல.

உங்கள் கணவருக்கு வேண்டுமானால் இன்னொரு நீதிபதியைப் பற்றிச் சொல்லுங்கள். மதுரையிலிருந்து வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தமக்கே இதில் புரிதல் இல்லை, முன்முடிவுகள் இருக்கின்றன என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் மாணவரைப் போல உட்கார்ந்து கேட்டறிந்த பிறகே தீர்ப்பு எழுதினார். தெரியவில்லை, சொல்லுங்கள் என்று கேட்பது ஓர் ஆண்மகனுக்கு இழுக்கல்ல என்று உங்கள் கணவருக்குப் புரிந்தால் போதும். அவருக்கு நாள் பிடிக்கும். சண்டை போடாதீர்கள். மகனோடு கைபேசியில் பேசும்போது அவர் காதில் விழும்படி பேசுங்கள். "உன் அப்பா சாப்பிட்டுவிட்டார், அமராவதியில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்" என்று வீட்டுச் செய்திகளை எப்போதும் போலச் சொல்லுங்கள். பேச்சு அறுந்துபோகாமல் இருப்பது இப்போது பெரிய காரியம்.

மகனிடம் என்ன பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவன் சொன்ன அன்று நீங்கள் அழுதிருப்பீர்கள், ஏதாவது கடிந்தும் சொல்லியிருப்பீர்கள். அவன் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். இன்று இரவே கூப்பிட்டு, "கண்ணு, அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை, இன்னும் முழுதாகப் புரியவில்லை, ஆனால் நீ என் பிள்ளை" என்று சொல்லுங்கள். அவனுக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்க்கை வெறுத்துவிட்டது என்பது போல ஏதாவது பேசினால் தாமதிக்காமல் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள், அல்லது நீங்களே பேருந்து ஏறிப் போய் அவனோடு நான்கு நாள் இருந்துவிட்டு வாருங்கள்.

ஆயரிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். நல்ல மனிதராக இருக்கலாம், உங்கள் பாரத்தை இறக்கிவைக்க ஓர் ஆள் தேவையாகவும் இருக்கலாம். ஆனால் அது உங்கள் மகனுடைய செய்தி. அவன் உங்களை நம்பிச் சொன்னது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபக் குறிப்பாகக்கூட அதைச் சொல்ல வேண்டாம், ஜெபக் குறிப்பாகத் தொடங்கிய எத்தனையோ செய்திகள் மறுநாள் பஸ் நிறுத்தத்தில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் அவனைக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். சொல்லலாம் என்று அவன் சொன்னால், ஆயரைத் தனியாகப் பாருங்கள். போகும்போது எசேக்கியேல் 16:49லும் ரோமர் 2:1லும் காகிதம் வைத்த வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.